பெரிய வீடு, சின்னப் பை: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஓர் அவசரப் பை தயார் செய்வது எப்படி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்தது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிறோம், நமக்கு என்ன வரப்போகிறது என்றுதான் செட்டிநாட்டின் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் எல்லோரும் இருந்தோம். அன்று எங்கள் பூர்வீக வீட்டில் இருந்தது அப்பச்சியும் (அப்பா) ஆத்தாளும் (அம்மா) மட்டும். வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டின் ஓடு பறந்தது, பின்வாசல் வேப்பமரம் சுவர் மேல் சாய்ந்தது. விடியும் முன்பே இருவரும் பங்காளி வீட்டுக்குப் போய்விட்டார்கள். கையில் எடுத்துப்போனது ஒரு டார்ச். அதைத் திருகிப் பார்த்தால் எரியவில்லை, உள்ளே பேட்டரி கசிந்து பூத்துப் போயிருந்தது. அப்பச்சியின் ரத்த அழுத்த மாத்திரை வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், அலமாரியிலேயே தங்கிவிட்டது. அடுத்த பத்து நாட்களுக்குக் கரண்டு இல்லை.

அதன் பிறகு நான் ஒரு பை தயார் செய்தேன். இணையத்தில் பார்த்த பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு கோடாரி, சிறு அடுப்பு, மீன்பிடி நூல் உட்பட எல்லாவற்றையும் வாங்கினேன். தராசில் வைத்தபோது 14 கிலோ. ஆத்தாளால் அதைத் தரையிலிருந்து தூக்கவே முடியவில்லை. காட்டில் தனியாக ஒரு மாதம் பிழைக்கப் போகிறவருக்கான பட்டியல் அது. நமக்குத் தேவை வேறு: இருட்டில், மழையில், வயதான ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடந்து பாதுகாப்பான கூரைக்குக் கீழே போய், மூன்று நாள் பிறர் தயவில் இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற பையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று இத்தனை ஆண்டுகளில் கற்றுக்கொண்டதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எதிலிருந்து கிளம்புகிறோம், எங்கே போகிறோம்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள். செட்டிநாட்டில் வீட்டைவிட்டுக் கிளம்ப வைக்கக்கூடியவை பெரும்பாலும் நான்கு. புயல் காற்று, கண்மாய்க் கரை உடைந்து வரும் தண்ணீர், தொடர்மழையில் ஊறிய பழைய சுவரோ கூரையோ சரிவது, பழைய வயரிங்கால் வரும் தீ. பர்மா தேக்கும் பழைய வயரும் ஒரே கூரையில் இருக்கும் வீடுகள் நம்முடையவை. தீ என்றால் இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது, பையை மறந்துவிட்டு ஓட வேண்டும். கூரையும் அப்படித்தான். புயலுக்கும் கண்மாய்க்கும் பெரும்பாலும் சில மணி நேர எச்சரிக்கை கிடைக்கும், பை உதவுவது அங்கேதான்.

வானிலை மையம் 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்வதை அதிகனமழை என்கிறது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். அப்படி ஒரு மழை காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெய்யாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

அடுத்தது, போகுமிடம். பங்காளி வீடா, பள்ளிக்கூடமா, கல்யாண மண்டபமா? நடந்து போக எத்தனை நிமிடம்? வழியில் திறந்த சாக்கடையோ ஊருணியோ இருக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிப் பட்டியல் தானாகக் குறையும். பங்காளி வீட்டில் அடுப்பு இருக்கும், முகாமில் சாப்பாடு தருவார்கள். அப்புறம் எதற்கு நாம் அடுப்பைச் சுமக்க வேண்டும்?

இரண்டாம் படி: பைக்கு முன் எடை

பெரும்பாலோர் முதலில் பையை வாங்கிவிட்டு, அது நிறையும் வரை திணிப்பார்கள். வரிசையை மாற்றுங்கள். நல்ல உடல்நிலையில் இருக்கும் நடுத்தர வயதுக்காரர் தன் எடையில் 15 சதவீதம் வரை சுமந்து நடக்கலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 9 கிலோ. எழுபது வயதைத் தாண்டியவர், மூட்டுவலி உள்ளவர் என்றால் 10 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். ஆத்தாளுக்கு 50 கிலோ, அவருக்கு 5 கிலோதான் உச்சவரம்பு. அதில் ஒன்றரை லிட்டர் தண்ணீரே ஒன்றரை கிலோவை எடுத்துக்கொள்ளும். மீதி மூன்றரை கிலோவில்தான் பையின் எடையும் சேர்த்து மற்ற எல்லாம்.

எங்கள் அப்பத்தா ஒன்று சொல்வார். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு லட்சக்கணக்கான நம்மவர்கள் கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் மலை தாண்டியும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். அப்பத்தாளின் அப்பச்சியும் அதில் ஒருவர். வீட்டிலிருந்து கிளம்பும்போது மூன்று டிரங்குப் பெட்டி. ஊர் வந்து சேரும்போது ஒரு செம்பு, ஒரு போர்வை, வயிற்றோடு சேர்த்துக் கட்டிய பத்திரங்கள். வழிநெடுகப் பெட்டி பெட்டியாக விட்டுவிட்டு வந்திருக்கிறார். தண்ணீர், கதகதப்பு, காகிதம். இந்த மூன்றும் இன்றைய பையிலும் முதலிடத்தில்தான் இருக்கின்றன.

எனவே ஒரு வீட்டுக்கு ஒரு பெரிய பை வேண்டாம். ஆளுக்கு ஒரு சின்னப் பை. பொதுவான பொருட்களைப் பிரித்து வையுங்கள். மாத்திரையும் டார்ச்சும் மட்டும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரு பை தவறினாலும் ஆபத்து இருக்காது.

மூன்றாம் படி: பையைப் பார்த்து வாங்குவது

முதியவருக்கு 20 லிட்டர், மற்றவர்களுக்கு 30 லிட்டர் போதும். அதற்கு மேல் போனால் இடம் இருக்கிறதே என்று கை தானாகத் திணிக்கும்.

முதலில் தோள் வார் பையோடு சேரும் மேல் தையலைப் பாருங்கள். அறுவது அங்கேதான். ஒற்றைத் தையல் ஓடியிருந்தால் வேண்டாம். நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடிய தையலோ, கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்ட தையலோ இருக்க வேண்டும். நான் முதலில் வாங்கிய பையின் வார், மழையில் நனைந்து கனத்தபோது இந்த இடத்தில்தான் பிய்ந்தது. அடுத்து ஜிப். பையைத் துணி திணித்து முட்ட முட்ட நிரப்பச் சொல்லி, பத்து முறை இழுத்துப் பாருங்கள். இரண்டு இழுப்பான் உள்ள அகலமான பல் ஜிப் நல்லது, ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும்.

இடுப்பு வார் முக்கியம். எடை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கினால்தான் முதுகு தாங்கும். நெஞ்சுக்கு குறுக்கே ஒரு வார் இருந்தால் சேலை, சட்டை எதன் மீதும் தோள் வார் நழுவாது. சேலை கட்டுபவருக்கு இது பெரிய உதவி, கடையிலேயே சேலையோடு மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்து பார்க்கலாம். எந்தக் கடைக்காரரும் தடுத்ததில்லை.

சக்கரம் வைத்த பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம். முழங்கால் தண்ணீரில் சக்கரம் ஓடாது, இரண்டு கையும் போய்விடும். கையில் தூக்கும் பையும் அப்படியே. ஒரு கை ஊன்றுகோலுக்கு, மற்றொன்று பக்கத்தில் வருபவரைப் பிடித்துக்கொள்ள.

‘வாட்டர் ப்ரூஃப்’ என்று எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். துணி தாங்கினாலும் தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் இறங்கும். மேலே போடும் மழை உறை முதுகுப்பக்கத்தை மூடாது. வழி எளியது: கனமான பெரிய பாலித்தீன் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, பொருட்களை அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

நான்காம் படி: உள்ளே போவது

*வெளிச்சம்.* கையில் பிடிக்கும் டார்ச்சைவிடத் தலையில் மாட்டும் டார்ச்தான் என் முதல் தேர்வு. வெளிச்சத்தின் அளவான லூமன் 100 முதல் 200 வரை போதும். அதைவிடக் கூடுதலாக விளம்பரம் செய்பவற்றில் பேட்டரி சீக்கிரம் தீரும். மெல்லிய வெளிச்ச நிலை இருக்கிறதா பாருங்கள், முகாமில் இரவு முழுதும் அதுதான் உதவும். உறையில் தண்ணீர் தாங்கும் தரத்தைக் காட்டும் குறி ஐபிஎக்ஸ் 4 என்றிருந்தால் மழைச் சாரலைத் தாங்கும். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். நம் தேவைக்கு 4 போதும், 7 கிடைத்தால் நிம்மதி.

சார்ஜ் செய்யும் டார்ச்சா, பேட்டரி போடுவதா? கரண்டு பத்து நாள் வராத அனுபவத்துக்குப் பிறகு நான் பேட்டரி பக்கம். பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் ஓடுவதை வாங்குங்கள். பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு வைக்க வேண்டாம், தனி உறையில் பக்கத்திலேயே இருக்கட்டும். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

*போனும் பவர் பேங்கும்.* 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அத்தனையும் போனுக்கு வராது. உள்ளே இருக்கும் மின்கலம் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். மாற்றும்போதும் கொஞ்சம் இழப்பு. கைக்கு வருவது ஆறாயிரத்துச் சொச்சம். 5,000 எம்ஏஎச் போனை ஒரு முறை முழுமையாக ஏற்றி, கொஞ்சம் மிஞ்சும். அதனால் 20,000 வாங்கலாமா என்றால், அது அரை கிலோவை நெருங்கும். ஆத்தாளின் பையில் 10,000தான். பொத்தான் போன் ஒன்றும் சேர்த்து வைத்திருக்கிறேன், ஒரு சார்ஜில் பல நாள் நிற்கும்.

போனில் இருக்கும் எண்கள் போன் அணைந்ததும் போய்விடும். ஐந்து எண்களை அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் ஒட்டி வையுங்கள். கீழே எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றும் இருக்கட்டும். டவர் விழுந்த பிறகு மதுரை, திருச்சி வானொலிதான் செய்தி சொல்லும். கூடவே ஒரு விசில், பைக்குள் வேண்டாம், நெஞ்சு வாரில் கட்டிவிடுங்கள். உள்ளே உருண்டை இல்லாத தட்டை விசில் நனைந்தாலும் ஊதும். மூன்று முறை விட்டு விட்டு ஊதினால் உதவி கேட்பதாக அர்த்தம், அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

*தண்ணீர்.* ஆளுக்கு ஒன்றரை லிட்டர், இரண்டு பாட்டிலில். மீதிக்குக் குளோரின் மாத்திரை. ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையைப் படித்து, பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். கலங்கிய தண்ணீரை முதலில் வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டி, அப்புறம் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அடுப்பு இருந்தால் கொதி வந்து ஒரு நிமிடம் கொதிக்கவிட்டாலே போதும். ஓஆர்எஸ் பொட்டலம் நான்கைந்து வையுங்கள். கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவு மாறக் கூடாது.

*மருந்து.* இதில்தான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தினசரி மாத்திரை ஏழு நாளைக்கு, காலை, மதியம், இரவு என்று பிரித்த டப்பாவில். டாக்டர் சீட்டின் நகல். பழைய மூக்குக் கண்ணாடி ஒன்று. பல்செட், காது கருவி உள்ளவர்களுக்கு அதன் டப்பாவும் பேட்டரியும். பாராசிட்டமால், கிருமிநாசினி, பஞ்சு, மூன்று அங்குல கிரேப் பேண்டேஜ், கொசு விரட்டும் களிம்பு, கால் விரலிடுக்குப் பூஞ்சைக்குப் பவுடர். சேற்றுத் தண்ணீரில் மூன்று நாள் நின்றவர்களுக்கு இந்தப் பவுடரின் அருமை தெரியும்.

இன்சுலின் போடுபவர் வீட்டில் தனி ஏற்பாடு வேண்டும். திறக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது தெரியும். பயன்பாட்டில் இருப்பதைப் பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் வரை சாதாரண அறை வெப்பத்தில், 25 முதல் 30 டிகிரிக்குள், வைத்திருக்கலாம். கூடவே வரும் தாளில் உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். கிளம்பும்போது ஐஸ் பொட்டலத்தோடு நேராக ஒட்டி வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண். போன இடத்தில் ஒரு மண் கலயத்தில், ஈரத்துணி சுற்றிய டப்பாவுக்குள் வைத்தால் வெயில் நாளிலும் குளிர்ந்திருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் ‘பையோடு இன்சுலின்’ என்று சீட்டு ஒட்டுங்கள். அவசரத்தில் மறப்பது அதைத்தான்.

*துணி.* கைலி ஒன்று, பருத்தித் துண்டு இரண்டு. கைலியைப் போல் பல வேலை செய்யும் பொருள் எனக்குத் தெரியவில்லை: உடுத்தலாம், போர்த்தலாம், மறைப்பு கட்டலாம், மூட்டை கட்டலாம். கண்டாங்கிச் சேலையை வீட்டில் விட்டுவிடுங்கள், கனமான பருத்தி நனைந்தால் காயாது. மெல்லிய சேலையோ நைட்டியோ போதும். குடை காற்றில் மடங்கிவிடும். தலை வழியாகப் போட்டுக்கொள்ளும் மழை அங்கி பையையும் சேர்த்து மூடும். பெண்களுக்கு நாப்கின், எல்லோருக்கும் உள்ளாடை இரண்டு செட்.

*கால்.* பையில் வைப்பதைவிடக் கட்டிலுக்கடியில் வைக்க வேண்டியது இது. பின்வார் உள்ள செருப்பு. ரப்பர் செருப்பு சேற்றில் கழன்று போகும். வெறுங்காலோ கண்ணாடியில் மிதிக்கும், நம் வீடுகளில் கலர்க் கண்ணாடிக்குக் குறைவில்லை. எலி நடமாடிய வெள்ளத் தண்ணீர் காலில் உள்ள புண்ணில் பட்டால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரலாம், எனவே புண்ணைப் பிளாஸ்டர் போட்டு மூடிவிட்டு இறங்குங்கள். கூடவே ஓர் ஊன்றுகோல், ஒவ்வொரு அடிக்கும் முன் தரையைத் தட்டிப் பார்க்க. ஓடும் தண்ணீர் அரையடி உயரமே இருந்தாலும் ஆளைத் தள்ளிவிடும், கண்மாய்த் தண்ணீர் ஓடும் சாலையில் இறங்காமல் சுற்றிப் போங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனை.

*தின்பண்டம்.* அடுப்பில்லாமல், அதிகத் தண்ணீர் தவிக்காமல் சாப்பிடக்கூடியது வேண்டும். தேன்குழலும் சீப்புச் சீடையும் நம் வீட்டில் எப்போதும் இருக்கும், ஆனால் உப்பும் எண்ணெயும் தாகத்தைக் கூட்டும். அவல், வெல்லம், பொரிகடலை, பேரீச்சை, கடலை மிட்டாய். மாவுருண்டை அருமையான சாப்பாடு, ஆனால் நெய் இரண்டு மூன்று வாரத்தில் வாடை அடிக்கும். அதைப் பையில் நிரந்தரமாக வைக்காமல், எச்சரிக்கை வந்ததும் சம்படத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிக்கு வெல்லம் தாழ்சர்க்கரைக்கு மட்டும் என்று தனிப் பொட்டலம்.

*காகிதமும் பணமும்.* ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், காப்பீடு ஆகியவற்றின் நகல் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில். வீட்டுப் பத்திர மூலத்தைப் பையில் வைக்காதீர்கள், அது லாக்கரில் இருக்க வேண்டும். தொலைந்தால் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம், மாத்திரையைப் போல உடனே தேவைப்படுவதும் இல்லை. அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஏற்றி வைப்பது நல்லதுதான், ஆனால் டவர் இல்லாத நாளில் காகிதம்தான் பேசும். பணம் 50, 100 ரூபாய்த் தாள்களாக இரண்டாயிரம். கரண்டு போனால் ஏடிஎம்மும் போனில் பணம் அனுப்புவதும் நின்றுவிடும், 500 ரூபாய்க்குச் சில்லறை தர யாரிடமும் இருக்காது.

சின்னப் பொருட்கள் மிச்சம்: பத்து மீட்டர் நைலான் கயிறு, மடக்குக் கத்தி, ஒரு கித்தான் விரிப்பு, கட்டட வேலைக் கையுறை, தூசிக்கு முகக்கவசம், தீப்பெட்டி, சோப்பு. கோடாரி, மீன்பிடி நூல், கூடாரம் எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: அடுக்குவது

கனமானது முதுகை ஒட்டி, நடு உயரத்தில். அதாவது தண்ணீரும் பவர் பேங்கும். துணி அடியில். மழை அங்கி, டார்ச், மாத்திரை டப்பா மேலே, இருட்டில் கை விட்டதும் தட்டுப்படும்படி. ஒவ்வொரு வகையையும் வேறு நிறத் துணிப்பையில் போடுங்கள். எங்கள் வீட்டில் சிவப்பு மருந்து, மஞ்சள் சாப்பாடு. எழுத்து படிக்க முடியாத வெளிச்சத்திலும் நிறம் தெரியும்.

ஆறாம் படி: சுமந்து பார்ப்பது

ஒரு மாலை பையை மாட்டிக்கொண்டு போக வேண்டிய இடம் வரை நடந்து வாருங்கள். யாருக்காகத் தயார் செய்தீர்களோ அவர்தான் சுமக்க வேண்டும். ஆத்தா முதல் நாள் ஊருணி வரை போவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தார். திரும்பி வந்து போர்வையை எடுத்தோம், ஒரு பாட்டிலை அப்பச்சி பைக்கு மாற்றினோம். இரண்டாம் வாரம் உட்காராமல் போய் வந்தார். அப்புறம் ஓர் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, “ராத்திரி மாத்திரையை எடுங்க ஆத்தா” என்றேன். ஒரு நிமிடத்துக்குள் கை சிவப்புப் பையைத் தொட்டுவிட்டது.

ஏழாம் படி: வைக்குமிடமும் பார்க்கும் நாளும்

நம் வீடுகள் நீளம். படுப்பது வளவில், வாசல் முகப்பில். பையை மூன்றாங்கட்டு அறையில் வைத்தால் ஆபத்து வந்த திசைக்கே திரும்ப ஓட வேண்டும். முகப்பில், கதவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டுங்கள். மாடி அறை வேண்டாம், சித்திரை வெயிலில் மாத்திரையும் பேட்டரியும் கெட்டுவிடும்.

வருடத்துக்கு இரண்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வருகிறது ஆயுத பூஜை, அன்று வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம், பையையும் இறக்கித் திறங்கள். இன்னொன்று சித்திரை முதல் நாள். மாத்திரை, ஓஆர்எஸ், தின்பண்டம் தேதி பார்த்து மாற்றுங்கள். பவர் பேங்கை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, பாதிக்கு மேல் இருக்கும்படி ஏற்றி வையுங்கள். முழுதும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அது திரும்ப எழாது. மழைக்காலத்தில் போனில் டிஎன் அலர்ட் செயலியையும் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சாவி. முகப்புக் கதவின் பெரிய இரும்புச் சாவிக் கொத்து மட்டுமே ஒரு கிலோ இருக்கும் வீடுகள் உண்டு. அதைப் பையில் போடாதீர்கள். வெளிக்கதவுச் சாவிக்கு ஒரு நகல் செய்து பங்காளி வீட்டில் கொடுத்து வையுங்கள், இன்னொன்று பையின் உள்பையில். எங்கள் பையில் அந்தச் சாவியோடு ஓர் அட்டை கட்டியிருக்கிறது. அதில் ஆத்தா தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: மெயின் சுவிட்ச், கேஸ், மாட்டுக் கயிறு. கிளம்பும்போது அணைக்க வேண்டியவை இரண்டு, அவிழ்க்க வேண்டியது ஒன்று.